புதுப்பாளையத்துப் பழைய வீட்டைத் திறப்பது: எந்தச் சுவரில் கை வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கடலூர் புதுப்பாளையத்தில் 1968-ல் கட்டிய தனி வீடு. முன்னால் வராண்டா, உள்ளே 12-க்கு 14 அடி ஹால், அதை ஒட்டி 10-க்கு 14 சாப்பாட்டு அறை, அதற்கும் பின்னால் 1984-ல் சேர்த்துக் கட்டிய சமையலறை. முன் இரண்டு அறைக்கும் மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய சுண்ணாம்புக் கூரை, சமையலறைக்குக் கான்கிரீட் தளம். அப்பா அம்மாவோடு நீங்கள் நான்கு பேரும் வந்து சேர்ந்தாயிற்று. ஆறு பேரும் ஆளுக்கொரு சுவருக்குப் பின்னால் இருக்கிறீர்கள். மூன்று அறையையும் ஒன்றாக்க வேண்டும். மேஸ்திரி, "ரெண்டு செவுத்தையும் எடுத்துட்டு நாலு தூண் நிறுத்திடலாம் சார், பத்து நாள் வேல" என்கிறார். செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரில் பத்தடி திறக்கலாம். பதினாலடியையும் எடுக்கக் கூடாது. சமையலறைப் பக்கத்துச் சுவரில் ஐந்தடி வாய் போதும். தூண் வேண்டாம். பத்து நாளில் முடிகிற வேலையும் இல்லை. இருபத்தாறு வருடமாகக் கடலூரிலும் பாண்டியிலும் பழைய வீடுகளைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். ஏன் என்பது கொஞ்சம் நீளம்.

மெட்ராஸ் டெரஸ் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்கள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓடும். அதன் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். கடைசியாகத் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. கம்பி கிடையாது. சிமென்ட் கிடையாது. அத்தனை பாரமும் சட்டங்களின் முனைக்கு வந்து, அங்கிருந்து சுவருக்கு இறங்குகிறது. ஆகவே சட்டம் எந்தச் சுவரில் தலை வைத்திருக்கிறதோ அந்தச் சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. சட்டத்துக்கு இணையாக ஓடும் சுவர் கிட்டத்தட்டச் சும்மா நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்க என்ஜினியர் வேண்டாம். ஹாலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் சட்டங்கள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் ஓடுகின்றன. அப்படியென்றால் ஹால் சட்டங்களின் பின்முனையும் சாப்பாட்டு அறைச் சட்டங்களின் முன்முனையும் அந்த நடுச்சுவரில்தான் தலை சாய்த்திருக்கின்றன. வீட்டிலேயே அதிகம் சுமக்கிற சுவர் அதுதான். சில வீடுகளில் நடுவில் ஒரு பெரிய உத்திரம் குறுக்கே போய், சட்டங்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அப்போது பாரம் முழுக்க உத்திரம் இறங்குகிற ஒரு புள்ளியில் குவியும், கணக்கே வேறு. உங்கள் வீட்டில் உத்திரம் இல்லை, நல்லது.

அடுத்தது பூச்சியும் ஈரமும். சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் தலைதான் முதலில் போகும், வெளியே தெரிகிற நடுப்பகுதி பளபளவென்று இருந்தாலும். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டின இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் நுனி வழுக்கும், உள்ளே போகாது. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் பதினோரு சட்டத்தில் ஒன்பது அப்படித்தான் இருந்தன. பத்தாவதில் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெண்ணெயில் குத்தின மாதிரி. மேலே பெயின்ட் மட்டும்தான் மரமாக இருந்தது. அந்தச் சட்டத்துக்குக் கீழே சுவரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சட்டத்தையும், இரண்டு முனையிலும் குத்திப் பாருங்கள். போனதை மாற்றின பிறகுதான் சுவர்ப் பேச்சு.

மாடிக்கும் ஏறுங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது. "கீழ செவுரு இருக்கு, தாங்கும்" என்று நடுச்சுவருக்கு நேர் மேலேதான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதை முதலில் இறக்கிப் பின்பக்க மூலைச் சுவர்கள் சேருகிற இடத்துக்கு மாற்றுங்கள். இன்னொன்று, தளத்தின் மேல் எத்தனை அடுக்கு ஏறியிருக்கிறது. ஒழுகும்போதெல்லாம் பழசை எடுக்காமல் அதன் மேலேயே ஒரு பூச்சு, ஓடு, மறுபடி ஒரு பூச்சு என்று போட்டுக்கொண்டே வந்திருப்பார்கள். ஒரு சதுர அடியில் ஒரு அங்குலக் கனம் ஏறினால் ஐந்து கிலோ. மழைநீர்க் குழாய் வாயருகே வெட்டிப் பார்த்தால் அடுக்கு தெரியும். மூன்று அங்குலம் அதிகப்படி இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தட்டோடு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பில் பதியுங்கள். சிமென்ட் பூச்சு மட்டும் வேண்டாம். சுண்ணாம்புத் தளம் வாங்கின ஈரத்தை மூச்சு விடுகிற மாதிரி வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கும். அடைபட்ட ஈரம் கீழே இறங்கிச் சட்டத்தைத் தின்னும்.

இப்போது கணக்கு. நடுச்சுவருக்கு ஹாலின் பாதி ஆறடி, சாப்பாட்டு அறையின் பாதி ஐந்தடி, மொத்தம் பதினோரு அடி அகலக் கூரை வருகிறது. பத்தடி திறந்தால் 110 சதுர அடி. பத்து அங்குல மெட்ராஸ் டெரஸ் சதுர அடிக்குச் சுமார் 45 கிலோ. மேலே ஆள் நடமாட்டம், வடாம் காயப்போடுவது, மழைத்தண்ணீர் தேங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 15. அறுபது கிலோ வீதம் 110 சதுர அடிக்கு 6,600 கிலோ. ஆறரை டன்னைக் காற்றில் நிறுத்தப் போகிறோம். இது இன்றைக்குச் செங்கல் வழியாகச் சுவர் நெடுகப் பரவி இறங்குகிறது. நாளைக்கு இரண்டு ஓரத்தில், ஒவ்வொன்றிலும் மூன்றேகால் டன்னாக, குவிந்து இறங்கும். சுவரை எடுப்பது என்றால் உண்மையில் இதுதான்: பாரம் எங்கேயும் போகாது, இடம் மாறும். மாறிப் போகிற இடம் அதைத் தாங்குமா என்பதுதான் முழுக் கேள்வியும்.

அதனால்தான் பதினாலடியில் பத்தடி என்றேன். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி சுவர்த்துண்டு நிற்க வேண்டும். கூரை பாரம் அதில் உட்காரும். அதோடு, பக்கச் சுவர்கள் சாயாமல் பிடித்துக்கொள்வதும் இந்தக் குறுக்குச் சுவர்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நமக்கும் பாண்டிக்கும் நடுவில் கரை ஏறினபோது நீங்கள் ஊரில் இருந்தீர்களோ என்னவோ. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்த மாதிரிக் காற்று நீளமான வெற்றுச் சுவரில் மோதினால் சுவர் உள்ளே வளையப் பார்க்கும். நடுவில் இரண்டடித் துண்டு செங்குத்தாக நின்றாலே போதும், வளைய விடாது. சுவரை மூலையோடு மூலையாகச் சுத்தமாக வழித்தெடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் வருடா வருடம் புயல் பார்க்கிற ஊர்.

அந்தத் துண்டுகளின் அடிப்பகுதியையும் பாருங்கள். 2015 வெள்ளத்தில் கெடிலம் ஆற்றோரத்தில் நிறைய வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அப்புறம் சுவரின் கீழ் மூன்றடி உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, செங்கல் விரலால் தேய்த்தால் மாவாகிற நிலைக்கு வந்தது. பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். இரண்டு ஓரத்திலும் பூச்சைத் தட்டிவிட்டுச் செங்கல்லைப் பாருங்கள். பொரிந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்து நல்ல கல் வைத்துக் கட்டின பிறகுதான் அதன் தலையில் மூன்றேகால் டன் ஏற்றலாம். பக்கத்தில் ஒரு குழி தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்றும் பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் செங்கல்லையே படிப்படியாக அகலப்படுத்திக் கட்டியிருப்பார்கள். மூன்று படியும் மூன்றடி ஆழமும் இருந்தால் நான் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போவேன்.

தூண் ஏன் வேண்டாம்? மேஸ்திரி கெட்டவர் இல்லை. புது வீடு கட்டிப் பழகின கை, தூணைத்தான் நினைக்கும். ஆனால் பழைய சுவர் ஐம்பது வருடத்துக்கு மேலாக மண்ணில் உட்கார்ந்து, இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடிந்துவிட்டது. பக்கத்தில் புதிதாகக் குழி தோண்டி நிறுத்துகிற தூண் இனிமேல்தான் இறங்கும். அது கால் அங்குலம் இறங்கினால் சிமென்ட் வீடு பொறுத்துக்கொள்ளும். சுண்ணாம்பில் பிடித்த செங்கல் தளம் பொறுக்காது, வரிசையாக வாய் பிளக்கும். தூணுக்குக் குழி தோண்டும்போதே பழைய அஸ்திவாரத்தை அசைத்துவிடுகிற ஆபத்து வேறு.

நான் செய்கிற முறை இது. நடுச்சுவர் ஒன்பது அங்குலம். அதற்கு 200 மில்லிமீட்டர் ஐ கர்டர், அதாவது I வடிவ இரும்பு உத்திரம், இரண்டு, பக்கத்தில் பக்கம். ஒவ்வொன்றின் அகலம் 100 மில்லிமீட்டர், அதனால் இரண்டும் சுவரின் கனத்துக்குள்ளேயே அடங்கும். பத்தடி வாய்க்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி உட்கார வேண்டும், ஆக மொத்தம் பதின்மூன்று அடி நீளம். ஒரு கர்டர் நூறு கிலோ வரும், நாலு பேர் தூக்கலாம். கிரேன் தேவையில்லை. பாரத்துக்கு ஒரே கர்டர்கூடத் தாங்கும்; நான் பார்ப்பது தாங்குவதை அல்ல, தொய்வை. ஒற்றைக் கர்டர் நடுவில் ஏழு மில்லிமீட்டர் தொய்ந்தால் இரும்புக்கு அது ஒன்றுமில்லை, மேலே இருக்கிற சுண்ணாம்புக்கு விரிசல். இரண்டு போட்டால் தொய்வு பாதியாகும். அளவை நான் சொன்னதால் மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் நேரில் வந்து பார்த்துக் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு கர்டர் போடுவதில் இன்னொரு லாபம் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. சுவரை ஒரு நொடிகூட முழுக்க வெட்ட வேண்டியதில்லை. முதலில் இரண்டு ஓரத்திலும் கர்டர் உட்காரும் இடத்தில் ஒன்றரை அடி நீளம், ஒன்பது அங்குல உயரத்தில் கான்கிரீட் பெட் பிளாக். அது இல்லாவிட்டால் மூன்றேகால் டன்னும் ஒரே செங்கல்லின் மூக்கில் இறங்கும். அதை ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். பிறகு ஹால் பக்கத்திலிருந்து சுவரின் பாதிக் கனத்துக்கு மட்டும் காடி வெட்டி, முதல் கர்டரைச் செருகி, மேலே உள்ள இடைவெளியில் ஈரம் குறைவான சிமென்ட் சாந்தைக் கட்டையால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். தளர்வாகப் பூசினால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விழும், கர்டர் சும்மா அலங்காரத்துக்கு நிற்கும். நான்கு நாள் கழித்து மறுபக்கம் இதே மாதிரி. அதுவும் இறுகின பிறகுதான் கீழே உள்ள சுவர், மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக. பிரேக்கர் மெஷின் கூடாது. அதன் அதிர்ச்சி சுண்ணாம்புத் தளம் முழுக்கப் பரவும். பிளேடு மெஷினால் கோடு கீறிவிட்டு உளியும் சுத்தியும்தான்.

இத்தனை நாளும் சுவரின் இரண்டு பக்கமும், இரண்டடி தள்ளி, முட்டு நிற்க வேண்டும். எல்லாச் சட்டங்களையும் தாங்குகிற மாதிரி மேலே குறுக்குப் பலகை, அதற்குக் கீழே மூன்றடிக்கு ஒரு, திருகி உயர்த்துகிற ஸ்டீல் ஜாக்கி. ஜாக்கிக்கு அடியிலும் இரண்டு அங்குலக் கனப் பலகை கட்டாயம். இந்த அடிப்பலகையை நான் ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2013-ல் பாண்டி முத்தியால்பேட்டையில் நான் பொறுப்பெடுத்த ஒரு வீட்டில் அது இல்லாமல் போயிற்று.

காலையில் முட்டு நிறுத்தும் வரை நான் அங்கே இருந்தேன். அடிப்பலகை இரண்டு குறைந்தது. வாங்கி வருவதற்குள் வேலை நிற்க வேண்டாம் என்று கடைசி இரண்டு ஜாக்கியை நேராகச் சிவப்பு சிமென்ட் தரையிலேயே நிறுத்தினார்கள். தரைக்குக் கீழே மணல் நிரப்பல். பக்கத்துக் குளியலறைக் குழாய் வருடக்கணக்காகக் கசிந்து அந்த மணல் நெகிழ்ந்திருந்தது, யாருக்கும் தெரியாது. நான் மதியம் திரும்பி வரும்போது அந்த வீட்டுப் பாட்டி வாசலில் டம்ளரோடு நின்றிருந்தார். "தம்பி, என் காப்பியில மாவா வுழுவுதுப்பா, என்னான்னு பாரு" என்றார். உள்ளே போனேன். தரையில் கோலப்பொடி கொட்டின மாதிரி நேராக ஒரு வெள்ளைக் கோடு. அண்ணாந்து பார்த்தால் சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவிலிருந்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஜாக்கியும் தரையை உடைத்துக்கொண்டு அரை அங்குலம் இறங்கியிருந்தன. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, பலகை கொண்டுவந்து, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றி நிறுத்துவதற்கு ராத்திரி ஒன்பது ஆயிற்று. அதற்குள் மூன்று செங்கல் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் பேத்தி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து படுக்கிற பாய் விரித்திருந்தது. அந்தப் பாயை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து முட்டு நிற்கிற நாட்களில் நான் வேலையிடத்தை விட்டு நகர்வதில்லை. அந்த அறைகளுக்குள் குடும்பத்தார் யாரும் வரக் கூடாது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன். உங்கள் அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் முட்டு நிற்கிற மூன்று வாரமும் வேறு இடத்தில் வையுங்கள். "பின்கட்டுல இருந்துக்கறோம்" என்று அம்மா சொல்வார், கேட்காதீர்கள்.

கர்டருக்கு இன்னொரு எதிரி நம் கடல். வண்டியில் வந்து இறங்கும் இரும்பு ஏற்கெனவே துருவோடுதான் வரும். கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் இரண்டு கை அடித்த பிறகே ஏற்ற வேண்டும். ஏற்றினபின் அடிக்க நினைத்தால் சுவருக்குள் போகிற முனையில் பிரஷ் எட்டாது. துருவும் அங்கேதான் பிடிக்கும்.

இனி சமையலறை. அதன் முன்சுவர் ஒரு காலத்தில் வீட்டின் வெளிச்சுவர், பதின்மூன்றரை அங்குலம். ஒரு பக்கம் மெட்ராஸ் டெரஸ் சட்டங்கள் தலை வைத்திருக்கின்றன. மறுபக்கம் 1984-ல் கொத்தி, கான்கிரீட் தளத்தைச் செருகியிருப்பார்கள். இரண்டு விதமான கூரை ஒரே சுவரில். அந்தக் காலத்துக் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் மூடாக்கு முக்கால் அங்குலம் இருந்தால் அதிகம். கலந்த தண்ணீரிலும் மணலிலும் உப்பு இருந்ததோ என்னவோ, கடலோரத்தில் அது ஒரு கவலை. சுத்தியின் கைப்பிடியால் தளத்தின் அடியில் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்று கேட்டால் சரி. ‘டொப்’ என்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, மூடாக்கைத் தள்ளிவிட்டது. கம்பி போகிற வாட்டத்திலேயே பழுப்புக் கோடு தெரிந்தாலும் அதேதான். அது அதிகமாக இருந்தால் அந்தத் தளத்தையே எடுத்துப் புதிதாகப் போடுவது மேல். பூசிப் பூசி மூடுவது காசுக்குக் கேடு. எப்படியிருந்தாலும் அந்தச் சுவரில் ஐந்தடி வாய்க்கு மேல் போகாதீர்கள்.

சுவர் பலத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் தினமும் சமைக்கிறவர் அம்மா. அவரைக் கேட்டீர்களா? கேள்வியில் அவர் என்ன சொன்னார் என்பது இல்லை. நெத்திலிக் கருவாடு வறுக்கிற நாளில், மிளகாய் தாளிக்கிற நேரத்தில், மூன்று அறையும் ஒன்றாக இருந்தால் சோபா உறையிலிருந்து பள்ளிக்கூடச் சீருடை வரைக்கும் அந்த நெடி ஏறும். சிம்னி பாதியை இழுக்கும், மீதி வீட்டுக்குள்தான். வெளியாட்கள் திடீரென்று வந்தால் சமையலறை அப்படியே வாசல் வரைக்கும் தெரியும். நான் திறந்துகொடுத்த வீடுகளில் இரண்டு பேர் ஒரே வருடத்தில் மறுபடி கண்ணாடித் தடுப்பு வைத்துக்கொண்டார்கள். அதனால் முதலிலேயே ஐந்தடி வாயும், அதன் கீழே மூன்றரை அடி அரைச்சுவரும், மேலே தள்ளுக் கண்ணாடியும் வையுங்கள். அரைச்சுவரின் மேல் கடப்பா கல் போட்டால் சாப்பாடு எடுத்து வைக்க மேடை. வேண்டாத நேரத்தில் கண்ணாடியை மூடிக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஹால் தெரியும், பேரப்பிள்ளைகளுக்கு அம்மா தெரிவார். அடுப்பைப் பின்சுவரில், எக்ஸாஸ்ட் விசிறிக்கு நேர் கீழே மாற்றுங்கள்.

நம் பழைய வீடுகளில் எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். பாண்டி வைசியாள் வீதியில் மீட்டெடுத்த வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். திண்ணை, ரேழி, முற்றம், சுற்றித் தாழ்வாரம். சுவர் இல்லாமல் இல்லை, சுவருக்கு இடையில் பார்வை போகிறது, காற்று போகிறது, மேலே வெளிச்சம் இறங்குகிறது. அறுபதுகளில் தனி வீடு கட்ட ஆரம்பித்தபோது முற்றம் போயிற்று, அறைக்கு அறை கதவு வந்தது. உங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்றால் அதில் பாதி சுவரால், பாதி முற்றம் போனதால். அதனால் சுவரைத் திறக்கிற கையோடு சாப்பாட்டு அறையின் பக்கச் சுவரில் கூரைக்குக் கீழே வெண்டிலேட்டர் இரண்டு வையுங்கள். வெண்டிலேட்டருக்கு மேலே சின்ன லின்டல், அதாவது திறப்பின் மேல் சுமை தாங்கும் குறுக்குக் கட்டை, போதும், அது பக்கச் சுவர், சட்டம் அதில் இறங்கவில்லை. கத்திரி வெயிலில் மதியத்துக்கு மேல் கிழக்கே இருந்து கடல் காற்று ஏறும்போது வராண்டா வழியாக உள்ளே வந்து சமையலறைப் பின்கதவு வழியாகப் போக ஒரே நேர்கோட்டில் வழி இருக்க வேண்டும். பத்தடி வாயும் ஐந்தடி வாயும் எதிரெதிரே வருகிற மாதிரி வைத்தால் போதும். ஏசியை ஹாலில் நம்பாதீர்கள். இரண்டு அறையும் சேர்ந்த பிறகு சமையலறை வாய் திறந்திருக்க, அதைக் குளிரவைக்க மின்கட்டணம்தான் ஏறும். படுக்கையறைகளைக் கதவோடு விட்டுவிட்டு ஏசியை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் போன இடத்தில் தரையில் ஒன்பது அங்குலப் பட்டை வெறுமையாக நிற்கும். இரண்டு அறைத் தரையும் ஒரே மட்டத்தில் இருக்காது, அரை அங்குலமாவது ஏறி இறங்கும். உங்கள் வீட்டில் இருப்பது பழைய சிவப்பு சிமென்ட் தரை. அதைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். அந்த மெருகு இன்றைக்குக் காசு கொடுத்தாலும் வராது. அந்தப் பட்டைக்குச் சிவப்பைப் பொருத்தப் பார்த்தால் எப்போதும் ஒட்டுப்போட்ட மாதிரியே தெரியும். கறுப்பு ஆக்சைடிலோ ஆத்தங்குடிக் கல்லிலோ தெரிந்தே ஒரு கரை போடுங்கள். பாட்டிமார் கல்யாணப் புடவைக் கரை மாதிரி, அங்கே ஒரு சுவர் இருந்தது என்பதையும் அது சொல்லும்.

நடுச்சுவரிலிருந்து எடுக்கிற தேக்கு நிலையும் கதவும் உங்களுடையவை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். "இடிபாடு காண்ட்ராக்டருக்கு" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு வரியில் நல்ல மரம் வண்டியேறிப் போய்விடும். அந்த நிலையைச் சமையலறை வாய்க்குப் பயன்படுத்தலாம். நல்ல செங்கல்லையும் தேய்த்து அடுக்கி வையுங்கள், ஓரத் துண்டுகளைப் பழுதுபார்க்க அதே அளவுக் கல் வேறெங்கும் கிடைக்காது.

வயரிங் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுவரோடு ஸ்விட்ச் போர்டும் போகும், அந்தச் சாக்கில் மரப்பட்டை வயரிங் முழுவதையும் மாற்றி, எர்த் கொடுத்து, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி போட்டுவிடுங்கள். கட்டமைப்பில் கை வைக்கிற வேலை என்பதால் என்ஜினியர் வரைபடத்தோடு மாநகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதே கேள்வியைப் பாண்டியில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டுக்காரர் கேட்டிருந்தால் முதல் வேலையே அனுமதி என்றுதான் சொல்லியிருப்பேன்.

எப்போது தொடங்குவது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பொங்கல் முடிந்ததும் தை மாதம். மாடி அடுக்கைச் சுரண்டுவது, சட்டம் மாற்றுவது, ஓரத் துண்டு, பெட் பிளாக், கர்டர் எல்லாம் சித்திரைக்குள் முடியட்டும். ஐப்பசியில் முட்டு நிற்கக் கூடாது. 2014 நவம்பர் மழையில் பாண்டிக் கடற்கரையில் பழைய மேரி (நகராட்சி) கட்டடம் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. ஃபெங்கல் புயலில், 2024 நவம்பர் 30, ஒரே நாளில் பாண்டியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தட்டோடு பெயர்த்த சுண்ணாம்புத் தளம் அந்த மழையைக் குடித்தால் சதுர அடிக்கு 45 கிலோ என்று போட்ட கணக்கே மாறிவிடும்.

கடைசியாக முட்டுகளை எடுக்கும் விதம். ஒரே நாளில் தட்டி எடுக்கிற வேலை இல்லை அது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொரு ஜாக்கியையும் கால் சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, அன்று ராத்திரி அப்படியே விடுங்கள். அதற்கு முன்னமே கர்டருக்கு மேலே பூச்சில் தெரிகிற ஒவ்வொரு மயிரிழை விரிசலின் குறுக்கேயும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாந்தில் ஒட்டி, தேதி எழுதியிருக்க வேண்டும். காலையில் கண்ணாடி முழுசாக இருந்தால் இன்னொரு கால் சுற்று. உடைந்திருந்தால் ஜாக்கியைத் திரும்ப ஏற்றிவிட்டு என்ஜினியரைக் கூப்பிடுங்கள். எல்லா ஜாக்கியும் கையால் ஆட்டினால் ஆடுகிற நிலைக்கு வர நான்கைந்து நாள் ஆகும். அதற்கப்புறமும் அந்தக் கண்ணாடிகளை எடுக்காதீர்கள். பெயின்டரையும் கூப்பிடாதீர்கள். வருகிற மழைக்காலம் ஒன்று அந்தச் சுவர் மேல் பெய்து ஓயட்டும். கண்ணாடி அப்போதும் அப்படியே இருந்தால் பூசி வண்ணம் அடித்துக்கொள்ளலாம்.